பாஷாணந்தின்னி

"என் தங்கச்சி எறும்புக்குக்கூட மருந்து தூவ மாட்டா சார். அவ புருஷனுக்கு விஷம் வெச்சாளாம்!" அந்தத் தையற்காரப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

துப்பறிவாளர் குறுக்கிடாமல் கேட்டார். தங்கைக்குக் கல்யாணமாகி நான்கே மாதம். கணவன் குதிரை வியாபாரி, ஐம்பதைத் தாண்டியவன். வயிற்றுவலியில் துடித்து இறந்தான். உடலில் பாஷாணம் இருந்தது. சமைத்துப் போட்டவள் அவள். போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

லாயத்தில் இறந்தவனின் தம்பி குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் இரும்புங்க. மேட்டுல குதிரையோடவே ஓடுவாரு, மூச்சு வாங்காது. அண்ணி வந்தப்புறந்தான் அளவு கூடிப்போச்சு..." சட்டென்று வாயை மூடிக்கொண்டு வாளிப் பக்கம் திரும்பினான்.

வெளியே வந்ததும் துப்பறிவாளரின் மைத்துனன் துள்ளினான். "இவன்தான் அத்தான்! முழியைப் பாத்தீங்களா?"

"முழியை விடு. டாக்டரைப் பாப்போம்."

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், "தலைமுடியிலயும் பாஷாணம் இருக்கு. வேர்லேருந்து நுனிவரைக்கும்" என்றார். தோள்வரை தொங்கிய முடி அது.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் கைதாகியிருந்த தங்கையை லாயத்துக்கு அழைத்துவந்தார். அக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடி மாசத்துக்கு அரை அங்குலந்தான் வளரும்," என்றார் துப்பறிவாளர். "தோள்ல கிடக்கிற நுனி ரெண்டு வருஷம் பழசு. அப்போ இந்தப் பொண்ணு யாருன்னே அவருக்குத் தெரியாது."

"அப்போ தம்பிதானே?" என்றான் மைத்துனன்.

"ரெண்டு வருஷமா விஷம் வெச்சவன் அதை 'அளவு'ன்னு சொல்லுவானா? மருந்துக்குத்தான் அளவு. பலம் வரும், மேனி மினுமினுக்கும்னு நம்பி, பாஷாணத்தைத் தெரிஞ்சே துளித்துளியா தின்னுறவங்க உண்டு. பாஷாணந்தின்னின்னு அவங்களுக்குப் பேரு. உங்க அண்ணனும் அப்படித்தானே, தம்பி?"

அவன் தீவன மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து நீட்டினான்.

"குதிரைக்கு மினுமினுப்பு வர வாங்கினதுங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அண்ணி பக்கத்துல கிழவனாத் தெரியக்கூடாதுன்னு கூட்டிக்கிட்டே போனாரு."

"ஒரு பொண்ணு தூக்குல தொங்கியிருப்பாய்யா, உன் சத்தியத்தால!" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். பிறகு அவளிடம், "நீங்க வீட்டுக்குப் போகலாம்மா" என்றார்.

அவள் நகரவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள். "அந்த நரையைப் பாத்துத்தானே நான் சரின்னு சொன்னேன்."