கோட்டுக்கு இந்தப் பக்கம்

டில்லிபாபு கடைசியாக அவளிடம் ஒப்படைத்தது ஒரு ஜோடி செருப்பு.

கோவளத்துக் கரையில், மணல் இன்னும் வெயிலின் சூட்டை விடாமல் வைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பட்டையைப் பிரித்து இரண்டையும் கழற்றினான். இடது செருப்புக்குள் போனையும், வலது செருப்புக்குள் கம்பெனி அடையாள அட்டையையும் வைத்து, இசைவாணியின் முழங்காலுக்குப் பக்கத்தில் தள்ளினான்.

"இந்தா, பாத்துக்கோ. கால நனச்சிகினு ரெண்டே நிமிசத்துல வந்துர்றேன்."

"ஈரக்காலோட கோட்டத் தாண்டுன, வூட்டுக்கு நடந்துதான் வரணும்."

"சரிங்க சூப்பர்வைசர் மேடம்" என்று சல்யூட் அடித்துவிட்டுப் போனான்.

கோடு அவளுடையது. கரைக்கு வந்ததும் குதிகாலால் மணலில் நீளமாக ஒரு கோடு இழுப்பாள், எவ்வளவு பெரிய அலை வந்தாலும் நனையாத இடமாகப் பார்த்து. அதற்கு இந்தப் பக்கம் கரை. சுண்டல், சுட்ட சோளம், பட்டம் விடுகிற பிள்ளைகள், விரல் இடுக்கில் நுழையும் மணல் எல்லாம் அவளுக்குப் பிடிக்கும். வாரம் முழுக்க ஜன்னலே இல்லாத கட்டடத்துக்குள் லென்ஸ் பொருத்துகிறவளுக்கு, படப்பையிலிருந்து வண்டியில் வந்து இறங்கி அந்தக் காற்று முகத்தில் அடிக்கும்போதுதான் தனக்கும் மூக்கு இருப்பது நினைவுக்கு வரும். அந்தப் பக்கம் கடல். அதைக் கண்டால் அவளுக்குப் பயம். அந்தப் பயத்துக்குக் கதை எதுவும் இல்லை. சின்ன வயதில் யாரும் முங்கிச் சாகவில்லை, யாரும் மிரட்டவில்லை. அது உயிரோடு இருக்கிறது, தன்னைப் பார்க்கிறது என்று தோன்றும், அவ்வளவுதான்.

டில்லிபாபு அதற்காக அவளைக் கேலி செய்ததுண்டு; கோட்டைக் கேலி செய்ததில்லை. அவனுக்கு ஒரகடத்தில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை. அங்கே ஒவ்வொரு மெஷினைச் சுற்றியும் தரையில் மஞ்சள் கோடு இருக்கும். அதைத் தாண்டிய ஒருவனுடைய துண்டான கையை இவன் துணியில் சுற்றி ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறான். அன்றிலிருந்து கோடு என்றால் அவனுக்குக் கோடுதான். கடலிலிருந்து திரும்பினால் அவள் இழுத்த கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, "வா" என்று அவள் சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைப்பான். ஒருமுறை அவள் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். விழித்துப் பார்த்தபோது அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். கால் முழுக்கக் காய்ந்து, ரோமத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. "எழுப்பக் கூடாதா யோவ்?" என்றதற்கு, "தூங்குற மெஷின எவனாவது தொடுவானா?" என்றான்.

அந்தச் சாயங்காலம் அவள் சோளத்தைத் திருப்பிக் கடிக்கும்போது அலைச் சத்தம் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். யாரோ பேச்சை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பியதுபோல இருந்தது. நிமிர்ந்தாள். அவன் நின்ற இடத்தில் தண்ணீர் இஸ்திரி போட்ட துணிபோல வழுவழுப்பாகக் கிடந்தது.

மீனவர்கள் படகில் போய்த் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. போட்டோவை வைத்துக் கருமாதி செய்தார்கள்.

அவள் மறுபடி கரைக்குக் கிளம்பிய அன்று மாமியார் கிளியம்மாள் கதவில் கை வைத்து மறித்தாள்.

"இன்னாமே, அந்தக் கடலாண்டயா போற? அறிவு கீதா உனக்கு? எம்புள்ளய முழுங்குன எடம்மே அது."

"முழுங்குனது கடலு அத்தே. மணலு இன்னா பண்ணிச்சு?"

"ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும். அவரையும் வுட்டுட்டு, அதையும் வுட்டுட்டு, நான் இன்னாத்த வச்சிகினு இருக்கறது?"

செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வண்டலூரில் பஸ் மாறினாள். அதே இடத்தில் கோடு இழுத்தாள். செருப்பைப் பக்கத்தில் வைத்தாள். சுண்டல் விற்கும் செல்லக்கனி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், ஒன்றும் கேட்காமல் பொட்டலத்தை நீட்டினாள். இருட்டும்வரை கடலை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் திங்கள்கிழமை, காலை ஷிப்ட்.

தூசு நுழையக் கூடாத கூடம் அவளுடைய லைன். வெளிச் செருப்பை அலமாரியில் விட்டு, தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பும் வெள்ளை ஷூவும் மாட்ட வேண்டும். பிறகு காலடித் தூசை இழுத்துக்கொள்ளும் நீல ஒட்டுப் பாயை மிதிக்க வேண்டும். அதற்கு அப்பால் ஒரு மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டினால் ஏர் ஷவர், ஆள் ஒருவர் நிற்கக்கூடிய கண்ணாடி அறை. ஒரு கதவு மூடினால்தான் மறு கதவு திறக்கும். அதுவரை நான்கு பக்கமும் காற்று அடித்து மிச்சத் தூசையும் உதறிவிடும்.

அன்று காற்று அடித்தபோது அவள் உடுப்பிலிருந்து மணல் கொட்டியது. சரசரவென்று தகரத் தரையில். ஈர மணல்.

"இன்னாக்கா, பீச்சயே மூட்ட கட்டி எடுத்துகினு வந்துட்டியா?" என்று பக்கத்து நாற்காலி எவாஞ்சலின் முகமூடிக்குள் சிரித்தாள்.

இசைவாணியும் சிரித்து வைத்தாள். உடுப்பு காலையில்தான் சலவையிலிருந்து உறை பிரித்து எடுத்தது.

புதன்கிழமை சூப்பர்வைசர் வசந்தகுமார் பெண்கள் உடை மாற்றும் அறைக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார். "யாரும்மா வெறுங்கால்ல இந்த நீல மேட்ட மிதிச்சது? ஒரு தூசு போனா மொத்த லாட்டும் ரிஜெக்ட்டு. படிச்சுப் படிச்சு சொல்றேன்ல?"

எவாஞ்சலின் பாயின் மேல் தாளைக் குனிந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, இது ஆம்பளக் கால்."

இசைவாணியின் ஷூ தடத்துக்குப் பின்னால், ஓரடி தள்ளி, அதே நடையில் பதிந்திருந்தன இரண்டு வெறுங்கால்கள். வலது காலில் ஐந்து விரல். இடது காலில் நான்கு.

அவளுக்கு அந்தக் காலைத் தெரியும். இடது காலின் இரண்டாம் விரல் பெருவிரலின் மேல் ஏறிக் கிடக்கும், தரையைத் தொடாது. அதனால்தான் அவனால் விரலிடுக்கில் மாட்டும் வார்ச் செருப்பு போட முடியாது, பட்டைச் செருப்புதான். அதிலும் இடது பட்டையை அந்த விரலுக்காகக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருப்பான்.

எவாஞ்சலின் சிலுவை போட்டுக்கொண்டு தாளை உரித்துக் கசக்கி எறிந்தாள். அடுத்த நாள் புதுத் தாளில் மறுபடி இருந்தது. இப்போது பாயோடு நிற்காமல், அதற்கு அப்பால் வழவழப்பான தரையிலும் ஈரமாகத் தொடர்ந்தது. மஞ்சள் கோடுவரை. கோட்டுக்கு ஒரு விரல் முன்னால் இரண்டு பாதங்களும் சேர்ந்து நின்றன.

கோட்டைத் தாண்டவில்லை.

ஏர் ஷவரின் கண்ணாடிக் கதவு மூடியதும் அவள் திரும்பிப் பார்த்தாள். காற்று அடிக்கத் தொடங்கியது. எப்போதும் ஒரே சீராக இரையும் காற்று, இன்று எழும்பி, உடைந்து, மணலை இழுத்துக்கொண்டு பின்வாங்கி, மறுபடி எழும்பியது. பாசியும் அழுகிய சிப்பியும் கலந்த வாடை முகமூடியைத் தாண்டி வந்தது. கண்ணாடிக்கு வெளியே, கோட்டின் மறுபக்கம், அந்த ஈரத் தடங்கள் மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தன, மேலே எதிலிருந்தோ சொட்டுவதுபோல. மேலே ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவர்தான்.

பயத்தில் பல் அடித்துக்கொண்டது. ஆனாலும் அதற்குள்ளேயே ஒரு எண்ணம், சூடாக: கோட்டில் நிற்கிறான். அவனேதான். நான் "வா" என்று சொல்வதற்காக நிற்கிறான்.

சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது வீட்டில் அவளுடைய அறை நிலைப்படிக்கு வெளியே தரை நனைந்திருந்தது. ஓரங்களில் தண்ணீர் காய்ந்து உப்பு பூத்திருந்தது. கட்டிலுக்கு அடியில் செருப்பு மட்டும் காய்ந்து கிடந்தது. துடைக்க வந்த கிளியம்மாள் துணியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான்கு விரல் தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல.

"எம்புள்ள காலுமே இது. வந்துட்டான்."

"அத்தே, எந்திரி."

"செருப்ப நீ புட்சி வச்சிகினு கீற. வெறுங்கால்ல அலையுறான்மே அவன். கொண்டு போய்க் குடுத்துடு. கால்ல வுழுறேன்."

மாமியார் சொன்னபடியே உண்மையிலேயே காலில் விழப் போனாள். இசைவாணி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அந்தத் தோளில் எலும்புதான் இருந்தது.

"குடுக்கறேன்" என்றாள்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை, வாழ்க்கையில் முதல் முறையாக, தான் இழுத்த கோட்டைத் தாண்டி இறங்குவதென்று முடிவு செய்துகொண்டு அவள் கோவளத்தில் நின்றாள். கணுக்கால்வரை போதும். செருப்பை அவன் கையில், கை இல்லாவிட்டால் அலையில், கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். கூட்டம் குறைவாக இருந்தது. வானம் மங்கிக்கொண்டு வந்தது. வழக்கம்போலக் கோடு இழுத்தாள், பழக்க தோஷம். செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கோட்டின் விளிம்பில் கால் விரல்களை வைத்து நின்றாள். முன்னால் சரிவு. சரிவின் அடியில் நுரை.

அலைச் சத்தம் நின்றது.

ஒரு மூச்சு நேரம். இரண்டு. மூன்று. இந்த முறை சத்தம் திரும்ப வரவே இல்லை.

ஈர மணலில் முதல் தடம் விழுந்தது. மேலே யாரும் இல்லை. மணல் தானாக அமுங்கி, ஓரத்தில் தண்ணீர் கசிந்து, வெளிறியது. இடது கால். நான்கு விரல். பிறகு வலது. நிதானமாக. சரிவில் ஏறி. அவளை நோக்கி.

"யோவ்" என்றாள். "தோ, கொண்டாந்துட்டேன்யா. நில்லு. நானே வரேன்."

வலது காலைத் தூக்கினாள்.

தடம் கோட்டை நெருங்கியது. ஒரு முழம். ஒரு சாண். ஒரு விரல்.

நிற்கவில்லை.

காய்ந்த மணலில், கோட்டுக்கு இந்தப் பக்கம், அவளுடைய பக்கம், ஒரு ஈரப் பாதம் அழுந்தி இறங்கியது. கோடு அதன் குதிகாலுக்கு அடியில் கலைந்தது.

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

கால் முழுக்கக் காயும்வரை, உப்பு படியும்வரை, எழுப்பாமல் நின்றவன். அவள் சொல்லாமல் ஒருநாளும் தாண்டாதவன்.

"நீ அவரு இல்ல" என்றாள்.

காலைப் பின்னால் இழுத்து வைத்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம்.

"அவரு காலப் போட்டுகினு வந்தா ஏமாந்துருவேன்னு பாத்தியா? பேக்டரில அடங்கி நின்ன. வூட்டாண்ட அடங்கி நின்ன. இங்க, உன் எடத்துல, பொறுக்க முடில இல்ல உன்னால? அவரு நின்னிருப்பாரு. விடியற வரைக்கும் நின்னிருப்பாரு."

கடல் சத்தமே இல்லாமல் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. அடுத்த தடம் அவள் கால் விரலுக்கு அருகில் விழுந்தது. குளிர் கணுக்காலில் ஏறியது. ஓடச் சொன்னது உடம்பு. ரோடு பக்கத்தில்தான் இருந்தது. வெளிச்சம் இருந்தது. பஸ் இருந்தது. ஓடினால் இனி வர முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த மணல், இந்தக் காற்று, அவன் சிரித்த இடம், எல்லாம் அதனுடையதாகிவிடும்.

உட்கார்ந்தாள். அதே இடத்தில். குதிகாலால் மறுபடி கோட்டை இழுத்தாள், கலைந்த இடத்தையும் சேர்த்து.

"செல்லக்கனி அக்கா" என்று கூப்பிட்டாள். "ஒரு சுண்டல்."

செல்லக்கனி கூடையோடு வந்தாள். நேராக வந்தவள் பாதியில் முகம் சுருங்கி, எதையோ தவிர்ப்பதுபோல வளைந்து, சுற்றிக்கொண்டு வந்தாள். "எங்கிட்டிருந்து தாயி இந்தக் குளிரு?" என்றாள். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போனாள்.

தடங்கள் இப்போது இசைவாணியின் இடது பக்கத்தில், அவன் எப்போதும் உட்காரும் பக்கத்தில், சேர்ந்து நின்றன. பிறகு மணல் அமுங்கியது. மெதுவாக, கனமாக, ஆள் ஒருவர் உட்காரும் அகலத்துக்கு. குழியில் தண்ணீர் ஊறியது. அதில் ஒரு சின்ன நண்டு புரண்டது. அழுகிய சிப்பி வாடை. அவள் தோளுக்குப் பக்கத்தில், ஈரமாக, ஒரு மூச்சு. உள்ளே. வெளியே. அலைபோல.

அவள் சுண்டலை மென்றாள். விழுங்க முடியவில்லை. விழுங்கினாள்.

குழியின் ஓரத்தில் ஒரு கையின் ஐந்து விரல்கள் மணலில் அழுந்தின. இன்னும் கொஞ்சம் இப்பால். இன்னும் கொஞ்சம். மடியில் இருந்த செருப்பை நோக்கி.

அவள் அதற்கு முன் குனிந்து, இரண்டையும் தன் காலில் மாட்டிக்கொண்டாள். பெரிதாக இருந்தது. காய்ந்திருந்தது.

"ஒக்காரு" என்றாள், திரும்பாமல். "நானும் எந்திரிக்கப் போறதில்ல."

விளக்குகள் எரியத் தொடங்கின. பக்கத்தில் அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இடது செருப்பின் பட்டை அவன் தளர்த்தி வைத்திருந்த அளவிலேயே இருந்தது.