டிரம்பெட்டில் ஒரு மல்லாட்டைக் குரல்

1961ஆம் வருடம். திண்டிவனத்தில் மாதா கோயில் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் படித்த ராஜாமணி, வகுப்பில் இருந்த இருபத்தெட்டுப் பேரிடமும் சொல்லி முடித்துவிட்டாள். அவளுடைய சவுரிராயன் மாமா மெட்ராசிலிருந்து வருகிறார், திருவிழா மேடையில் டிரம்பெட் வாசிக்கப் போகிறார் என்று.

மாமா வந்தார். டிரம்பெட்டும் வந்தது. ஆனால் அதன் கறுப்புப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, "இந்த வருசம் நான் வாசிக்கல" என்று சொல்லிவிட்டார்.

ராஜாமணி பரணை அண்ணாந்து பார்த்தாள். இருபத்தெட்டுப் பேருக்கும் என்ன பதில் சொல்வது?

சவுரிராயன், ராஜாமணியின் அம்மாவுக்குத் தம்பி. பன்னிரண்டு வயதில் இதே ஊர் பேண்டு செட்டில் சேர்ந்து கல்யாண ஊர்வலங்களில் வாசித்தார். பிறகு விழுப்புரத்தில் கூடாரம் போட்டிருந்த ஒரு சர்க்கஸ் கம்பெனியோடு கிளம்பிவிட்டார். அங்கே யானை முக்காலியில் ஏறி உட்காரும்போது வாசிப்பதுதான் அவர் வேலை. சில நாள் யானை உட்காராது. அது மனம் வைத்து உட்காரும் வரை பாட்டை நீட்டியாக வேண்டும். தாளில் எழுதியிருந்த பாட்டு முடிந்துபோகும், யானை நின்றுகொண்டே இருக்கும். அப்போது மாமா சொந்தமாக ஏதாவது சேர்த்துச் சேர்த்து வாசிப்பார்.

சர்க்கஸ் பேண்டில் இருந்த ஒரு கோவாக்காரர், இப்படி வாசிப்பவர்கள் அமெரிக்காவில் நிறைய இருக்கிறார்கள், அதற்கு ஜாஸ் என்று பெயர் என்று சொல்லி, இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். மாமாவுக்கு அது அப்படியே பிடித்துப்போனது. இப்போது மெட்ராசில் ஒரு பெரிய ஓட்டலில் தினமும் ஜாஸ் வாசிக்கிறார்.

போன வருடத் திருவிழாவில் ஓர் இங்கிலீஷ் பாட்டை எடுத்து, வளைத்து நெளித்து அரை மணி நேரம் வாசித்தார். கூட்டம் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மெல்ல எழுந்து ராட்டினம் பக்கம் போய்விட்டது. முன்வரிசையில் ஒருவர் மட்டும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "டெஸ்ட் பண்ணது போதும் தம்பி, பாட்ட எப்போ ஆரம்பிப்பே?" என்று கேட்டார்.

அதைத்தான் மாமாவால் மறக்க முடியவில்லை.

"மெட்ராஸ்ல நாலு பேர் எழுந்து போனா எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா" என்றார் ராஜாமணியிடம். "இது நான் பொறந்த ஊரு. இங்க எழுந்து போனா மனசு தாங்கல."

ராஜாமணி கொஞ்சம் யோசித்தாள். தனக்கு மட்டும் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னாள். மாமா பெட்டியை இறக்கி, கிணற்றடியில் நின்று வாசித்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். ஆனால் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"எனக்கும் புரியல மாமா."

மாமாவின் முகம் சுருங்கியது. பிறகு அவரே சிரித்துவிட்டார். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதை விட்டுத் தூரமாகப் போய் விளையாடிவிட்டு, திரும்ப அதற்கே வந்து சேர்வதுதான் ஜாஸ் என்று விளக்கினார். எந்தப் பாட்டு என்று அவள் கேட்டாள். அவர் சொன்ன இங்கிலீஷ் பாட்டை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"தெரியாத பாட்ட நீங்க மாத்துனா, மாத்துனதே எங்களுக்குத் தெரியாதே மாமா."

மாமா டிரம்பெட்டைக் கீழே இறக்கினார். அப்படியானால் சினிமாப் பாட்டு ஏதாவது வாசிக்கட்டுமா என்று கேட்டார். ராஜாமணி வேண்டாம் என்றாள். அதை மாற்றினால் தப்பாக வாசிக்கிறார் என்பார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும், ஆனால் யாரும் அதைப் பாட்டு என்று நினைத்திருக்கக் கூடாது. அப்படி என்ன இருக்கிறது?

அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் பச்சைமுத்துவின் குரல்.

"மல்லாட்டேய்... வறுத்த மல்லாட்டேய்ய்..." என்று பாடிக் காட்டினாள்.

மாமா அதை டிரம்பெட்டில் வாசித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை வாசிப்பதற்குள் பக்கத்து வீட்டு சபியா பீவி கையில் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "பச்சைமுத்து எங்க? கொரல் கேட்டுச்சே" என்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு வீட்டுக் குழந்தையும் ஓடி வந்தது.

மாமா சிரித்த சிரிப்பில் அவர் கையில் டிரம்பெட் ஆடியது.

ஆனால் ராஜாமணிக்கு இன்னொரு கவலை வந்தது. ஊர் முன்னால் தன்னைக் கேலி செய்வதாகப் பச்சைமுத்து நினைத்துக்கொண்டால்? மறுநாள் காலை அவரைத் தேடிப் போய், விஷயத்தைச் சொல்லி, மாமா அதை மேடையில் வாசிக்கலாமா என்று கேட்டாள்.

பச்சைமுத்து கூடையை இறக்கி வைத்தார். "என் கொரல்ல இன்னா பாப்பா கீது?" என்று கூச்சப்பட்டார். அவள் கிளம்பும்போது பின்னாலேயே கூப்பிட்டுச் சொன்னார்: "கடைசில ஒரு இழுப்பு வரும். அத உட்டுடப் போறாரு, சொல்லி வையி."

திருவிழா அன்று சாயங்காலம் மாமா மேடை ஏறினார். கூட்டத்தில் பாதிப் பேர் ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாமணி வகுப்புப் பிள்ளைகளோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மாமா வாசித்தார். மல்லாட்டேய்... வறுத்த மல்லாட்டேய்ய்...

எல்லோரும் பச்சைமுத்துவைத் தேடித் திரும்பினார்கள். பிறகு மேடையைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார், அப்புறம் பத்துப் பேர். மாமா அதே குரலை மெதுவாக இழுத்தார். வெயிலில் களைத்துப்போன பச்சைமுத்து. பிறகு வேகவேகமாக வாசித்தார். மழை வருகிறது, கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அடுத்தது என்ன என்று பிள்ளைகள் சத்தம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். "மல்லாட்ட விக்கவே இல்ல, அழுவுறாரு" என்றான் ஒருவன். மாமாவின் டிரம்பெட் நிஜமாகவே அழுதது.

அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து உண்மையான பச்சைமுத்துவின் குரல் கணீரென்று எழுந்தது. "மல்லாட்டேய்ய்ய்..."

டிரம்பெட் அப்படியே பதில் சொன்னது. அவர் குரலை மாற்றினார். டிரம்பெட்டும் மாறியது. இருவரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். ஊர் பேண்டு செட்டின் மேளக்காரர்கள் தாங்களாகவே மேடை ஏறிச் சேர்ந்துகொண்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை. ராட்டினக்காரர்கூட ராட்டினத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

மறுநாள் காலை மாமா எட்டு மணி பஸ்ஸுக்குப் பெட்டியோடு கிளம்பினார். வாசலில் மேளக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நேற்றைய வாசிப்பில் இரண்டு இடம் தங்களுக்குப் பிடிபடவில்லை, இன்னொரு தடவை சேர்ந்து வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள்.

மாமா ராஜாமணியைப் பார்த்தார். ராஜாமணி பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கித் திறந்தாள்.

அன்று எட்டு மணி பஸ் சவுரிராயன் மாமா இல்லாமலே மெட்ராசுக்குப் போனது.