கழித்த ஒன்று

அவன் உட்கார்ந்திருந்த அறையில் யாருமே இல்லை என்று திரை சொன்னது.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மேசையில் ஆறிப்போன காபி, அதன் பக்கத்தில் மடிக்கணினி, அதில் அவனே எழுதிய பலகை: கூடம், சமையலறை, படுக்கையறை, குழந்தை அறை, வேலை அறை என்று ஐந்து கட்டங்கள். எந்த அறையில் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று அந்தந்தச் சுவரில் ஒட்டிய சின்ன வெள்ளைப் பெட்டி எண்ணிச் சொல்லும். ஆளுக்கு ஒரு வட்டமாக, அவர் இருக்கும் இடத்திலேயே, பலகை வரையும். வட்டம் அந்த ஆளின் மூச்சோடு சேர்ந்து உப்பும், ஒடுங்கும். தனியாக இருக்கும் வயசானவர்களை அவர்களின் பிள்ளைகள் தூரத்திலிருந்து கவனித்துக்கொள்ள அவன் வேலை பார்க்கும் கம்பெனி செய்கிற சாமான் இது. சோதனைக்கு முதலில் அவன் வீட்டில்தான் மாட்டினார்கள். அங்கே ஒரே ஆள்தான், எண்ணிப் பார்க்கச் சுலபம் என்று டீம் லீடர் சொல்லிச் சிரித்தபோது அவனும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தான்.

நான்கு மாதமாக அவன் எந்த அறைக்குப் போனாலும் அங்கே ஒரு வட்டம் கூடவே போகும். இன்றைக்கு ஐந்து கட்டமும் காலி. மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தான். கையை ஆட்டிப் பார்த்தான். ம்ஹூம். "செத்துகித்துப் போயிட்டேனா?" என்று வாய்விட்டே கேட்டான். ஒண்டியாக இருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் வந்துவிடுகிறது, ஜோக்கும் நாமே அடித்து நாமே சிரித்துக்கொள்ள வேண்டியது. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா இது கெட்டுப்போக வேண்டும்? நாலு மணிக்கு மகள் வருகிறாள். ஆறு வயசு. அவனுக்கு அவள் வாலு. அவனும் வாலுவின் அம்மாவும் பிரிந்து ஒரு வருஷம் ஆகிறது, முதல் தடவையாக இந்த வீட்டுக்குள் அவள் காலடி படப்போகிறது. இரண்டே மணி நேரம்தான். அது நல்லபடியாக நடந்தால் மாதத்துக்கு ஒரு தரம். நடக்காவிட்டால் கிடையாது. பிரிந்த பிறகு வாலுவின் அம்மா "நீ"யை விட்டு "நீங்க"வுக்கு மாறியிருந்தாள். அந்த மரியாதையோடுதான் இதையும் சொன்னாள். அவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் ஒப்புக்கொண்டான், இரண்டு மணி நேரத்துக்காக அவன் என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள்வான்.

சரி, என்ன கோளாறு என்று பார்த்துவிடலாம் என்று நிரலைத் திறந்தான். பலகையை அவன் எழுதியது கையடக்கமான ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, வைத்து. அதைப் படித்து முடிக்க ஒரு பொழுது போதும். வீட்டின் நிலவரம் முழுக்க ஓர் இடத்தில் இருக்கும். நிலவரத்தைக் கொடுத்தால் திரையை வரைந்து தர ஒரு ஃபங்ஷன், அதாவது சில வரிக் கட்டளைகள். பெட்டியிலிருந்து செய்தி வந்தால் பழைய நிலவரத்தில் கைவைக்காமல் புதிதாக ஒன்றை உண்டாக்க இன்னொரு ஃபங்ஷன். அவ்வளவுதான். பழையது எதுவும் அழியாது என்பதால் திரையின் அடியில் ஒரு பட்டையை இழுத்தால் நேற்றைக்கும் போகலாம், போன மாதத்துக்கும் போகலாம். அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஒரே நிலவரத்தைக் கொடுத்தால் எப்போதும் ஒரே திரைதான் வரும், ஒளிவுமறைவு கிடையாது. மனுஷர்கள் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கூட நினைத்திருக்கிறான்.

வரைகிற ஃபங்ஷனில் எட்டாவது வரியில் கண் நின்றது. எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழி, பூஜ்யத்துக்குக் கீழே போகாதே. அதன் தலைமேல் அவன் கைப்பட ஒரு குறிப்பு: பெட்டி ஒன்று கூட்டி எண்ணுகிறது, அப்புறம் பார்க்கலாம்.

நினைவு வந்தது. பெட்டிகளை மாட்டிய அன்றைக்கு அவன் நின்ற அறையில் எல்லாம் இரண்டு வட்டம் வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு. பெட்டி சரியில்லை என்று முடிவுகட்டி, விடியோ காலில் கம்பெனிக்குக் காட்ட வேண்டிய அவசரத்தில், திரையில் ஒன்றைக் கழித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். இந்தத் தொழிலில் யார்தான் செய்யவில்லை? அப்புறம் பார்க்கலாம் என்று எழுதியதை எவனும் அப்புறம் பார்த்ததில்லை.

ஆனால் நேற்று டீம் லீடர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார், இவன் பதில் போடாமல் வைத்திருந்தான். இந்த வாரம்தான் மற்ற வீடுகளிலும் பெட்டி மாட்டியிருந்தார்கள். தன் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, பலகை மூன்று என்று காட்டுவதாகவும், கேட்டால் எல்லா வீட்டிலும் ஒன்று குறைவதாகவும், மற்றபடி பெட்டி கனகச்சிதம் என்றும் அவர் எழுதியிருந்தார்.

பெட்டியில் கோளாறில்லை. எந்த வீட்டிலும் இல்லை.

வேலை அறையைப் பார்த்தான். பூஜ்யம். கழித்தது போகப் பூஜ்யம் என்றால் பெட்டி எண்ணியது ஒன்று. நான்கு மாதமாக இரண்டு எண்ணிய பெட்டி இப்போது சரியாக ஒன்று எண்ணுகிறது. அப்படியானால் இன்னொன்று எங்கே என்ற கேள்வி தானாக வந்தது. அந்தக் கேள்வியே அபத்தம் என்று அவனுக்குத் தெரியும். கை மட்டும் எட்டாவது வரியை அழித்தது. சேமித்தான். திரை தன்னைத்தானே மறுபடி வரைந்துகொண்டது.

வேலை அறை, ஒன்று.

குழந்தை அறை, ஒன்று.

குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றது. அது நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது. குழந்தை அறை வட்டம் நிதானமாக உப்பியது. உப்பிக்கொண்டே இருந்தது. அவனுடைய வட்டம் நான்கு தரம் ஏறி இறங்குவதற்குள் அது ஒரு தரம் இறங்கியது.

பட்டையைப் பின்னால் இழுத்தான். இன்று காலை, குழந்தை அறை: இரண்டு. அவன் அங்கே புது விரிப்புப் போட்டு, நட்சத்திரம் காட்டும் விளக்கை மாட்டிக்கொண்டிருந்த நேரம். அவன் வெளியே வந்தான், ஒன்று அங்கேயே தங்கிவிட்டது. அதற்கும் பின்னால் இழுத்தான். நேற்று சாப்பிடும்போது இரண்டு. குளிக்கும் நேரத்தில், குளியலறையை ஒட்டிய படுக்கையறை ஓரம் இரண்டு. தூங்கும்போது எட்டு மணி நேரமும் இரண்டு. போன மாதம் வாலுவின் பிறந்தநாளன்று, அவர்கள் போனை எடுக்காததால் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதானே, அன்றைக்கும் இரண்டு. ஒட்டி ஒட்டி. முதல் நாள், முதல் நிமிஷம், பெட்டியின் விளக்கு எரிந்த அந்த வினாடியிலேயே இரண்டு.

தனியாக இருக்கிறேனே என்று எத்தனை தரம் இந்தச் சுவர்களைப் பார்த்துப் புலம்பியிருப்பான். அசிங்கம் என்னவென்றால், அழுத அன்றைக்குப் பக்கத்தில் ஏதோ இருந்திருக்கிறது என்பதில் ஒரு கணம் மனசு ஆறுதல் பட்டது.

எழுந்து போய்க் குழந்தை அறைக் கதவைத் திறந்தான். புதுத்துணி வாசனை. அதற்கு அடியில், ஈரத்தோடு மடித்து வைத்த துணி மாதிரி இன்னொரு வாசனை. கட்டில் ஓரத்தில் விரிப்பு லேசாகக் குழிந்திருந்தது. காலையில் அவனே அங்கே உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தானா? ஞாபகமில்லை.

மணி மூன்றரை ஆகியிருந்தது. போனை எடுத்தான். இன்றைக்கு வேண்டாம், உடம்பு சரியில்லை என்றான். வாலுவின் அம்மா பாதி வழி வந்துவிட்டிருந்தாள். அவள் கத்தவில்லை.

"இப்ப வேண்டாம்னா இனி எப்பவும் வேண்டாம். யோசிச்சுச் சொல்லுங்க."

பின்னாலிருந்து ஒரு குரல் என்னம்மா, என்னம்மா என்று கேட்பது கேட்டது. வரச் சொன்னான்.

வாசலிலேயே நிறுத்திப் பூங்காவுக்குக் கூட்டிப் போய்விடுவது என்று முடிவு செய்தான். நல்ல முடிவுதான். நாலு மணிக்கு மழை கொட்டியது. கார் போய்விட்டது. மாடிப்படியடியில் பல் விழுந்த வாயோடு நின்ற வாலு, மழையில் பூங்காவா, உனக்கென்ன பைத்தியமா என்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

"நட்சத்திர லைட்டு வாங்கியிருக்கேன்னு சொன்னியே அப்பா. பொய்யா?"

அவள் கை அவன் கைக்குள் இருந்தது. ஒரு வருஷம் கழித்து. அவனை என்ன சொல்வது? இரண்டு நிமிஷம்தான் என்று கூட்டிக்கொண்டு மேலே ஏறினான். பயம் இருந்தது. அதைவிட அவள் இந்த வீட்டுக்குள் ஒரு தரம் வந்து போக வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது.

இரண்டு நிமிஷம் இரண்டு மணி நேரமானது. அவள் அந்த அறையை விட்டு வருவேனா என்றாள். அவன் கதவருகே தரையில் உட்கார்ந்து, போனில் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டான். குழந்தை அறை: மூன்று. ஒன்று அவனுடையது, படபடவென்று. ஒன்று சின்னது. மூன்றாவது சின்னதை ஒட்டி இருந்தது. மத்தியானம் அவ்வளவு நிதானமாக இருந்த மூச்சு இப்போது வேகம் பிடித்திருந்தது. சின்ன வட்டம் உப்பும்போது உப்பியது. ஒடுங்கும்போது ஒடுங்கியது. பழகிக்கொள்கிறது.

வாலு கட்டிலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நடுவில் ஒரு தரம், தலை நிமிராமலே, சுவர்ப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏன்டா நகர்ற?"

"இடிக்குது."

அவளை அள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தான். கூடம்: மூன்று. சமையலறைக்குப் போனான். மூன்று. அப்பா ஓடிப்பிடித்து விளையாடுகிறான் என்று அவள் கெக்கலி கொட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவன் தோளிலேயே தொங்கியது. இறக்கி விட மனசு வரவில்லை.

ஆறு மணிக்கு ஹாரன் அடித்தது. வாலுவின் அம்மா படியேறி வரவில்லை, காரிலிருந்தே பார்த்தாள். குழந்தையின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் அவள் முகமும் இளகியது. அடுத்த மாதமும் வரட்டும் என்றாள். தெரியாத்தனமாக ஒரு "நீ" கூட வந்து விழுந்தது. "நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட." கார் திருப்பத்தில் மறைகிறவரை மழையில் நின்றான்.

மேலே வந்து ஈரத்தோடு கூடத்தில் நின்று போனைப் பார்த்தான்.

கூடம்: ஒன்று. மற்ற நாலும் காலி.

போய்விட்டது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னான். வீட்டில் ஈர வாசனைகூட இல்லை. குழந்தை அறை, படுக்கையறை, வேலை அறை என்று ஒவ்வொன்றாகப் போய் நின்று பார்த்தான். அவனோடு ஒரே வட்டம் வந்தது. ஒரே வட்டம் போனது. நான்கு மாதத்தில் முதல் தடவை.

எங்கே போயிருக்கும் என்று நினைத்தான்.

நினைத்தபடியே நின்றான். விரல்கள் எண்ணைத் தப்பாக அழுத்தின. மறுபடி அழுத்தின. மூன்றாவது மணியில் வாலுவின் அம்மா எடுத்தாள். கார் ஓடும் சத்தம். அதற்கு மேல் விட்டு விட்டு ஒரு அலாரம். டிங். டிங். டிங்.

"என்ன? வண்டி ஓட்டிட்டிருக்கேன். இந்தச் சனியன் வேற கிளம்பினதிலேருந்து அடிச்சிட்டே இருக்கு. பின்சீட்டுல பெல்ட் போடலையாம்."

"வாலு போட்டிருக்காளா?"

"அவ போட்டாச்சு. அவளுக்குப் பக்கத்து சீட்டுக்கு அடிக்குது. அங்க யாருமே இல்ல." அலுத்துக்கொண்டாள். "சென்சார் கோளாறு. நாளைக்குக் குடுத்து ஒயரைக் கழட்டிடச் சொல்றேன்."

கழற்றாதே என்று சொல்ல வாய் திறந்தான். டிங். டிங். மழை. வைப்பர்.

க்ளிக்.

அலாரம் நின்றது.

"அம்மா, நான் மாட்டி விட்டுட்டேன்," என்றது பின்னாலிருந்து சின்னக் குரல், பெருமையாக.

அவன் கையிலிருந்த திரையில், கூடத்தின் நடுவே ஒரே ஒரு வட்டம் வேகவேகமாக உப்பி ஒடுங்கிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது.