தெற்கே வைத்த தட்டு

அருண்பாண்டிக்கு வைத்த தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டதும் முத்துமீனா மெல்லுவதை நிறுத்தினாள். சாம்பாரில் உப்பு இல்லை. உப்பு மட்டுமா, புளிப்பு இல்லை, காரம் இல்லை, கடைசியில் போட்ட பெருங்காயத்தின் வாசம்கூட இல்லை. நனைந்த பஞ்சை மெல்லுகிற மாதிரி இருந்தது. அதே சட்டியிலிருந்து ஊற்றிய சாம்பாரைத்தான் சற்று முன்பு அவளும் மகள் பவதாரிணியும் வழித்துச் சாப்பிட்டிருந்தார்கள். எழுந்து போய் சட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பும் உறைப்பும் சரியாகத்தான் இருந்தன. தட்டில் இருந்ததில்தான் ஒன்றுமில்லை.

"காய்ச்சல் வரப்போகுது போல" என்று முணுமுணுத்துக்கொண்டு அதைக் குப்பையில் தட்டினாள்.

அந்தத் தட்டு விளையாட்டாக ஆரம்பித்த ஒன்று. அருண்பாண்டி மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பொழுது சாயும் நேரத்தில் வீடியோ காலில் வருவான். சார்ஜர் குத்தும் இடம் தெற்குச் சுவரில் இருந்ததால், சாப்பாட்டு மேசையின் தெற்கு முனையில் தண்ணீர்ச் சொம்பின்மேல் போனைச் சாய்த்து வைப்பார்கள். அவன் அங்கே மீன் டின்னைப் பிரித்துத் தின்பான். இவர்கள் இங்கே சாப்பிடுவார்கள். ஒருநாள் பவதாரிணி, "அப்பாவுக்கும் வைங்கம்மா, பாத்துக்கிட்டே இருக்காங்க" என்று அடம்பிடித்தாள். வைத்தார்கள். அன்றிலிருந்து போன் முன்னால் முதல் தட்டு அவனுக்கு. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. பேசி முடித்ததும் அந்தத் தட்டில் இருப்பதை முத்துமீனா சாப்பிட்டுவிடுவாள். புருஷன் எச்சில் என்று அவன் திரையிலிருந்து கேலி செய்வான். அவள் வெட்கப்படுவாள். மூன்று வருடத்தில் அவர்களுக்குள் மிச்சமிருந்த தாம்பத்தியம் அவ்வளவுதான்.

அந்தத் தீவு அவளுக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் அவளும் அங்கே இருந்தவள். காலையில் கதவைத் திறந்தால் பச்சைக் கண்ணாடியை உருக்கி ஊற்றியது போலக் கடல். தூசியில்லாத காற்று, வாத்தியார் என்றால் உயிரை விடுகிற பிள்ளைகள், தெருவில் பார்த்தவர்களெல்லாம் சிரிக்கிற ஊர். மதுரைக் கோச்சடையில் இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்ததே அந்தத் தீவுதான். ஆனால் காய்கறிப் படகு வராத வாரங்களில் சூரை மீனும் தேங்காயும்தான் கதி. கறிவேப்பிலையைக் கனவில் கண்டிருக்கிறாள். சாயங்காலம் நடக்கக் கிளம்பினால் தெரு முடிந்து கடல் வந்துவிடும். திரும்பி நடந்தால் அந்தப் பக்கமும் கடல். அங்கே மதுரைக்காக அழுதாள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க இங்கே வந்தபின், கருவேலம் மண்டிய வைகையையும் டவுன் பஸ் புழுதியையும் தனியாகப் பார்த்துப் பார்த்து, அந்தக் கடலுக்காக அழுதாள். எங்கே இருந்தாலும் பாதி மனுஷியாக இருக்கிற எரிச்சல் அவளுக்குள் ஆறாத கொப்புளமாக இருந்தது. நல்லவேளை, இந்தக் கோடையோடு அது முடியப்போகிறது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவனுக்காக வேலையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். முழுசாக வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான்.

மறுநாள் போனில் வந்தவன், அவள் வாயைத் திறக்குமுன் சொன்னான்.

"கத்தரிக்காய்க் காரக்குழம்பு. மொளகாப்பொடி ஒரு கை கூடிப்போச்சு."

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"நாக்குல இருக்குதுல்ல."

அவள் சிரித்தாள். மனசு சட்டென்று இளகிவிட்டது. ஆனால் அவன் முன்னால் தட்டும் இல்லை, டின்னும் இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தாள்.

"நீங்க சாப்பிடலையா?"

"இப்பல்லாம் அடுப்பே பத்தவைக்கிறதில்ல மீனா. சாயங்காலமானா வயிறு தானா நெறஞ்சிருது."

அன்று தட்டில் இருந்த குழம்பு வாயில் சேறு போலக் குழைந்தது. கத்தரிக்காய் என்று கண் சொன்னது, நாக்குக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் அப்படியே போனது. அவன் கன்னம் பூசியது போல மினுமினுத்தது. ஊர்ச் சாப்பாடு கிடைக்கவில்லையே என்று புலம்பவில்லை, லீவைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு ஆரம்பித்தான்.

"கோபப்படாத மீனா. இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வாரேனே."

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "நாகமலையில எடம் வச்சிருக்காகளே, அவுகளுக்கு என்ன சொல்ல?"

"இல்லன்னு சொல்லிரு. ஊரு ஊருன்னு கெடந்து தவிச்சதெல்லாம் வயித்துப் பாடுதான் போல. இப்ப அந்தத் தவிப்பே இல்ல. நெசமாத்தான் சொல்றேன், இங்க நல்லாருக்கேன்."

"அப்ப நாங்க?"

"அதான் தெனமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறோமே."

அன்று இரவு அவள் தலையணையைக் குத்தி அழுதாள். பொன்னோ பொருளோ அவனைப் பிடித்து வைக்கவில்லை. அவள் சமைத்துப் போட்ட சோறே அவனை அங்கே கட்டிப் போட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அருண்பாண்டியின் அக்கா பாண்டிச்செல்வி வந்தாள். பையை இறக்கி வைத்தவள் மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பவதாரிணி உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து அப்பாவின் தட்டைச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா மீனா, என்ன இது?"

"உங்க தம்பிக்குத்தான் மதினி. அவரும் கூடச் சாப்பிடுறாரு."

"தெக்கால வச்சு, தண்ணி சுத்தி, அவனுக்கு மொதல்ல வச்சுட்டுத்தான் நீங்க சாப்பிடுறதா? எங்கய்யாவுக்குத் திவசத்துல படைச்சோமே, அதைப் பாத்துட்டுல்ல புள்ள செய்யிது!" அவள் குரல் உடைந்தது. "உசுரோட இருக்கிறவனுக்கு எவளாச்சும் படைப்பாளா? எம்புட்டு நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியாக்கா?" என்று திரையில் அருண்பாண்டி சிரித்தான். "டிபன் பாக்ஸ்ல கட்டிக் குடுத்தா தப்பில்ல, தட்டுல வச்சா தப்பா?"

பாண்டிச்செல்வி மேசையருகே குனிந்தாள். திரையையே உற்றுப் பார்த்தாள். பிறகு முத்துமீனாவின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"அவன் முதுகுக்குப் பின்னால குத்தவச்சிருக்கிறது யாரு?"

"அவரு தனியாத்தான் இருக்காரு மதினி."

"தலையில தண்ணி சொட்டுது அந்த ஆளுக்கு. சோத்தையே பாத்துக்கிட்டிருக்கான்." அவள் சாப்பிடவில்லை. கொண்டு வந்த பையையும் எடுக்காமல் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாளிலிருந்து முத்துமீனா தட்டு வைக்கவில்லை. பயம் பாதி, வீம்பு பாதி. வீட்டை மறந்தவனுக்குப் பசித்தால் ஞாபகம் வரட்டும். அழைப்பை மட்டும் எடுத்தாள், போனைச் சொம்பின்மேல் சாய்த்து, அதன் முன்னால் வெறும் மேசையைக் காட்டினாள்.

"மீனா, சாப்பாடு?"

"வந்து சாப்பிடுங்க."

முதல் நாள் சிரித்தான். அடுத்த நாள் சிரிக்கவில்லை. அதற்கடுத்த நாள் அவன் கன்னங்கள் ஒட்டியிருந்தன, உதட்டோரத்தில் உப்புப் படிந்தது போல வெள்ளை பூத்திருந்தது, பேசும்போது வார்த்தைகளுக்கு நடுவே அலை வந்து வந்து போனது, அந்த ஓசை எங்கோ தூரத்துக் கரையில் கேட்பதாக இல்லாமல் அவன் கட்டிலுக்கு அடியில் புரள்வது போல இருந்தது.

"கதவைச் சாத்துங்க. கடல் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"சாத்தித்தான் இருக்கு."

அவள் கோபம் இளகத் தொடங்கியது. திரையைத் தொட்டாள். "கெளம்பி வந்துருங்க. நான் சூடா ஆக்கிப் போடுறேன். வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தான்.

"வாரேன்" என்றான். "ஆனா எனக்கு மட்டும் வச்சாப் பத்தாது மீனா. இவுகளுக்கெல்லாம் வைக்க ஆளே இல்ல. வாசத்தைக் காட்டிட்டு நிறுத்திட்டியேன்னு அழுகுறாக."

"எவுக?"

திரை இருண்டது. கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மறுநாள் பகல் முழுக்க முயன்றாள். வெயில் இறங்கும்போது, காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போன இடத்தில், தீவில் அவனோடு வேலை பார்க்கும் அனீஸின் நம்பர் கையிலிருந்த பழைய போனில் கிடைத்தது. மதுரைப் பையன்தான், மகபூப்பாளையம். வீடியோ கால் வரும் போனை மகளிடம் விட்டு வந்திருந்ததால் அதிலிருந்தே பேசினாள்.

"அருண் சாரா? ஸ்கூலுக்கு வந்து நாளாச்சே அண்ணி. வீடு பூட்டிக் கெடக்கு. சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிட்டாருன்னு பிரின்சிபால் ஒரே சத்தம்." அவன் தயங்கினான். "வீட்டுக்கு வந்துட்டாருல்ல?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். காற்றில் ஏதோ வந்தது. கோச்சடையில் வெயில் தாழ்ந்தால் வருகிற வாசம் அவளுக்குத் தெரியும்: சூடான சிமெண்டு, எரிகிற குப்பை, எங்காவது தாளிக்கிற வெங்காயம். இது அது இல்லை. ஊறிய கயிறும் படகு டீசலும் அழுகிய பாசியும் கலந்த வாசம், தண்ணீர் வடிந்த கரையில் நின்றால் முகத்தில் அடிக்கிற வாசம், மாடிப்படி வழியாகக் கீழேயிருந்து ஏறி வந்தது.

துணிகளை அங்கேயே போட்டாள்.

படிகள் ஈரமாக இல்லை. ஆனால் கால் வழுக்கியது.

"பவா?"

உள்ளே கரண்டிச் சத்தம்.

கூடத்தில், சுவரோரமாக, தரையில் தட்டுகள். வீட்டில் இருந்த அத்தனை தட்டும். எவர்சில்வர், பீங்கான், அது தீர்ந்ததும் குண்டான் மூடிகள். ஒரே வரிசையாக. எல்லாவற்றையும் சுற்றித் தண்ணீர். பவதாரிணி சோற்றுச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குனிந்து குனிந்து பரிமாறிக்கொண்டு வந்தாள்.

"என்னடி பண்ற?"

"அப்பா வந்துட்டாங்கம்மா. கூட்டாளிகளையும் கூட்டிட்டு வந்திருக்காங்க."

கூடத்தில் யாரும் இல்லை. தட்டும் சோறும்தான்.

போன் மேசையில், சொம்பின்மேல் சாய்ந்து நின்றது. திரையில் தீவு வீட்டு அறை. அவன் நாற்காலி காலியாக இருந்தது. கதவு திறந்திருந்தது. வெளியே கறுப்பாக ஏதோ அசைந்துகொண்டிருந்தது. முத்துமீனா அழைப்பை நிறுத்தக் கையை நீட்டினாள். அப்போதுதான் திரையின் மூலையில் அந்தச் சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. இந்தப் பக்கத்தை, அவளுடைய கூடத்தை, காட்டுகிற கட்டம்.

அதில் பந்தி நடந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒருவர். சம்மணம் போட்டு. முதுகு சுவரில். தலையிலிருந்து நீர் வடிய, ஊதிய விரல்களால் சோற்றை அள்ளி அள்ளி. ஆண்கள், பெண்கள், சட்டை நைந்துபோன ஒரு கிழவர். பவதாரிணி ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்தாள். இன்னும் வைக்கவா என்று கேட்டாள். ஒருவரும் போதும் என்று கையை மறிக்கவில்லை.

வரிசையின் தலைப்பில் அருண்பாண்டி.

அவள் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். யாருமில்லை. சோறு மட்டும் தட்டுகளில் நிறம் செத்துக்கொண்டு வந்தது. கட்டத்தைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மூன்று வருடமாக அவள் பார்க்க ஏங்கிய முகம்.

"பாப்பா நின்னுக்கிட்டே இருக்கா மீனா."

குரல் போனிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது. சுவரோரமிருந்து.

"அவளுக்கும் ஒரு தட்டு வை. எங்களோட உக்காரட்டும்."

"சரிப்பா" என்றாள் பவதாரிணி. சட்டியைக் கீழே வைத்தாள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு தட்டுகளுக்கு நடுவே வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முத்துமீனாவின் கண் திரைக்குத் திரும்பியது.

கட்டத்துக்குள், ஈரத் தோள்கள் இரண்டு மெல்ல அசைந்தன. குழந்தைக்கு இடம் விட்டு ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து, பிறகு அவளை நடுவில் வைத்து நெருங்கி உட்கார்ந்தன.