பாலத்தில் மாக்வாலா நிற்கும்போது

'கடுக்!'

அவ்வளவுதான்... கூத்தாயிசி ஊர்த் தியேட்டர் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

எலீசோவின் பல்லிடுக்கில் ஒரு சூரியகாந்தி விதை. திரையில் மாக்வாலா, ரியோனி ஆற்றுப் பாலத்தில் மழையில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தாள்... போனவன் வருவானா என்று.

முன்வரிசை இளைஞன் சீறினான். "ஏங்க, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? மாக்வாலா பாலத்துல நிக்கிறப்போ யாராவது விதை கொறிப்பாங்களா?"

"மறந்துட்டேங்க! தலையையே வாங்கிடுவீங்க போலிருக்கே!"

கண்ணுகளா, அவன் கோபத்திலும் நியாயம் உண்டு. அந்தப் படம் முதலில் வந்தபோது எங்கள் ஊர் அதைக் கேலி செய்தது. "ஒருத்தி சும்மா நிக்கிறதுக்கா டிக்கெட்டு?" என்று இந்தக் காட்சியில்தான் விதைத் தோலைத் திரையில் துப்பினார்கள். பிறகு பிழைப்புக்காக வீட்டுக்கு ஒருவர் தூரதேசம் போனார்கள்... காத்திருப்பது என்னவென்று அப்போது புரிந்தது. அன்றிலிருந்து, திராட்சை அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வருஷமும் படம் ஓடும். பாலக் காட்சியில் மட்டும் ஒரு பல் அசையாது.

படம் முடிந்து வெளியே வந்தால் நிஜ மழை. அந்த இளைஞன் எலீசோவிடம் தன் கோட்டை நீட்டினான்.

"கத்திட்டேன்... மனசுல வச்சுக்காதீங்க. நான் இராக்லி. சந்தை மூலையில ரொட்டிக் கடை."

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள்... அடுப்புத் தணல் மாதிரி, பக்கத்தில் போனாலே சுட்டன.

அதன்பிறகு எலீசோ, வீட்டில் ரொட்டி மிச்சமிருந்த நாளிலும் ரொட்டி வாங்கினாள்.

ஆனால் அங்கே அடுப்புக்கு மேலே மாக்வாலாவின் படம்! கடையில் மாவு படாத இடம் அது ஒன்றுதான்.

"தினமும் துடைப்பீங்களோ?"

"பின்னே? இந்தக் கண்ணு மாதிரி இனி ஒருத்தி பிறந்து வரணும்!"

சுருக்கென்றது அவளுக்கு. கிழடு தட்டாத, செத்தும் போகாத சக்களத்தி!

"நிக்கத் தெரிஞ்சவளுக்கு நடக்கத் தெரியாதா? அவன்கிட்ட நேரா போய்க் கேட்டா என்னவாம்?"

"அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க!"

"அப்போ அவளையே கட்டிக்கோங்க. ரொட்டியும் அவளே வாங்கட்டும்!"

மறுநாளிலிருந்து வேறு கடை... வாய்க்கு ருசிக்காத ரொட்டி.

அடுத்த அறுவடையும் முடிந்தது. போகவே கூடாது என்று நினைத்துக்கொண்டே தியேட்டருக்குப் போனாள். அதே வரிசையில், நாலைந்து இருக்கை தள்ளி இராக்லி. மடியில் விதைப் பொட்டலம்.

இன்றைக்கும் மாக்வாலாவைத்தானே வாய் பிளந்து பார்ப்பான்... பார்க்கட்டும்! வேண்டுமென்றே ஒரு விதையைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பாலம் வந்தது. மாக்வாலா வந்தாள். தியேட்டர் மூச்சடக்கியது.

'கடுக்!'

எலீசோ கடிக்கவில்லை...!

"அடப்பாவி, இராக்லி! நீயாடா?"

"ரொட்டிக்காரனுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு!"

அவன் முகம் சிவந்து எழுந்தான். "மாக்வாலா வந்ததை... நான் பாக்கல."

"பாக்கலையா! கண்ணு எங்கடா இருந்துச்சு?" என்றார் பின்வரிசைப் பெரியவர்.

அவன் பார்வை போன பக்கம் தியேட்டரே திரும்பியது... எலீசோவிடம்.

அவள் விதையை மெல்லக் கையில் எடுத்துக்கொண்டாள். "உங்காளு அங்க நிக்கிறா..."

"நிக்கட்டும். இத்தனை நாளா கடை வாசலைப் பாத்துட்டு நான் நின்னேனே! இனிமே என்னால முடியாது, எலீசோ. உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு... நடந்து வரட்டுமா?"

பக்கத்து இருக்கையில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் அவள்.

திரையில் மாக்வாலா இன்னும் நனைந்துகொண்டிருந்தாள். பாவம்... முதன்முறையாக எலீசோவுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது.