கண் தேடும் பெட்டி

அந்தப் புழு இன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்ணாடி எதுவும் மாட்டாமலே, வீடியோ கேமில் வரும் உருவங்களை மேசைக்கு மேலே திரண்டு நிற்க வைக்கும் ஹாலோகிராம் பெட்டியில் தெரியும் புழு அது. பெட்டியின் விளிம்பிலுள்ள கேமரா, பார்ப்பவரின் கண்களைத் தேடிப் பிடித்து, அவற்றுக்கு ஏற்றபடி உருவத்தைத் திருப்பிக் காட்டும். சரியாகத் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கருப்புத் திரை போட்ட இந்தச் சோதனை அறையில், மாதக்கணக்காக, இந்த எழவெடுத்த புழுவின் முகத்தில்தான் விழிக்கிறாள். கொழகொழவென்று, கொப்புளம் கொப்புளமாக, உடம்பெல்லாம் கண்ணாக. அதுவும் பிள்ளையைச் சுமக்கிற நேரத்தில். முன்னால் உண்டானதெல்லாம் கலைந்துபோய், இது ஒன்றுதான் தங்கியிருக்கிறது.

இடப்பக்கம் நகர்ந்தாள். புழுவும் திரும்பியது. ஆனால் பார்வை மட்டும் கீழேயே இருந்தது. கூடவே ஒரு நாற்றம், நாள்பட ஊறிய தரைத்துணியும் கெட்ட முட்டையும் சேர்ந்தாற்போல, மூக்கை விட்டுப் போக மாட்டேன் என்றது.

"அண்ணே, உங்களுக்கு நாத்தம் வருதா?"

திரைக்கு அந்தப் பக்கம் இருந்த புரோகிராமர் சிரித்தார். "வெளிச்சத்துல எங்கம்மா நாத்தம் வரும்? மசக்கைல அப்படித்தான். என் பொண்டாட்டிக்கு என்னைக் கண்டாலே கொமட்டுச்சு."

"இது குனிஞ்சே இருக்கு. கண்ணை எங்க பிடிக்குதுன்னு பாருங்க."

"சட்டைல பூ கீ இருக்கும். அதைக் கண்ணுன்னு நினைச்சுக்கும்."

வெறும் வெள்ளைச் சட்டை.

அவர் கேமரா படத்தை அவள் பக்கத்திலிருந்த மானிட்டரில் போட்டார். கண் கிடைத்த இடத்தில் பச்சை வட்டம் விழும். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. வயிற்றில், சட்டைக்கு மேலே, இரண்டு வட்டங்கள். மறைந்தன. மறுபடி வந்தன.

சிமிட்டுகின்றன.

கையால் பொத்தினாள். வட்டங்கள் விரலிடுக்குக்கு நகர்ந்தன. பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, அது போதும். புழு வாய் திறந்து எச்சில் ஒழுக, கொஞ்சுவதுபோலத் தலையைச் சாய்த்தது. அவளுக்குள்ளும் ஏதோ வழுக்கிக்கொண்டு அதே பக்கம் சாய்ந்தது.

உதை இல்லை. ஊர்கிறது.

"அண்ணே, அணைச்சிடுங்க."

"பெட்டியை அப்பவே அணைச்சிட்டேம்மா. கேமரா மட்டும்தான் ஓடுது." அவர் குரலில் சிரிப்பில்லை.

புழு போய்விட்டது. நாற்றம் போகவில்லை. அது தன் மூச்சிலிருந்துதான் வருகிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மானிட்டரில் வட்டங்கள் பெருகின. இடுப்பில். விலாவில். நெஞ்சில். எல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

கத்த வாயைத் திறந்தாள்.

மானிட்டரில், அவள் நாக்குக்குப் பின்னால், ஈரத்தில், ஒரு பச்சை வட்டம் விழுந்து சிமிட்டியது.