பின்னறையில் தட்டுகிறவர்

எங்கள் அலுவலகத்தின் பின்புறம் ஒரு பெரிய கொட்டகை இருக்கிறது. அதற்குள் நிற்பது விண்கலத்தின் மாதிரி. மேலே பறக்கும் கலம் எப்படியோ அச்சு அசலாக அப்படியே: முன்னறை, பின்னறை, நடுவில் காற்றுப் புகாத வட்டமான இரும்புக் கதவு. பறக்காது, அது ஒன்றுதான் குறை.

அன்று காலை ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் அங்கே போனபோது குழல்விளக்குகள் வழக்கம்போல ரீங்கரித்துக்கொண்டிருந்தன. ரப்பரும் எண்ணெயும் கலந்த வாடை. பம்ப் அண்ணன் பழைய துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாதிரிக் கலத்தின் பின்னறையில் காற்றைக் குறைப்பதும் கூட்டுவதும் அவர் பொறுப்பு. மேலே இருக்கும் வீரர்களோடு பேசுவது என் பொறுப்பு.

மேலே இரண்டு பேர் இருந்தார்கள், கேப்டனும் டாக்டரும். அவர்கள் கலத்தின் பின்னறையில் ஒரு குழாய் வெடித்துக் காற்று வெளியே கசிந்துகொண்டிருந்தது. நடுக்கதவை மூடிவிட்டால் முன்னறைக்கு ஆபத்தில்லை. ஆனால் மூச்சுக்காற்றைத் திறக்கும் திருகு பின்னறையில் அல்லவா இருக்கிறது? யாராவது முகமூடியும் காற்றுக் குப்பியும் மாட்டிக்கொண்டு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, வெடித்த குழாயை அடைத்து, மாற்றுக் குழாயைத் திறந்துவிட வேண்டும். கேப்டன் கலத்தை ஓட்டும் இருக்கையை விட்டு நகர முடியாது. ஆகவே டாக்டர்தான் போயாக வேண்டும்.

டாக்டர் எங்கள் தலைவரின் ஒரே மகள்.

தலைவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு முகமூடியோடு வந்தார். கீழே செய்து பார்க்காத எதையும் மேலே சொல்லக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். இளையவர்கள் யாரையாவது உள்ளே அனுப்பலாமே என்று பம்ப் அண்ணன் மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார்.

"என் பொண்ணு செய்யப்போறதை நான்தான் செஞ்சு பாக்கணும்," என்றார் தலைவர். மோதிரம் போட்ட விரலால் கதவை டக் டக்கென்று தட்டினார். அந்தச் சத்தம் கேட்டால் முடிவு எடுத்தாயிற்று என்று அர்த்தம். பிறகு யாரும் வாய் திறப்பதில்லை.

அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முந்தைய பயணம் ஒன்றில் பின்னறையில் ஒயர் கருகிப் புகை மண்டியது. மெக்கானிக் உள்ளே இருந்தார். கீழே இங்கிருந்து கதவை மூடச் சொன்னார் தலைவர். மூடினார்கள். அப்புறம் கதவுக்குப் பின்னால் தட்டும் சத்தம் கேட்கிறதே, திறக்கட்டுமா என்று முன்னறையிலிருந்தவர்கள் கேட்டார்கள். தலைவர் சொன்ன பதில் இன்றுவரை எங்கள் பயிற்சியில் முதல் பாடம். பதறாத குரல் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஒலிப்பதிவைத்தான் போட்டுக் காட்டுவார்கள்.

"அது உலோகம். குளிர்ல சுருங்குது. கதவைத் தொடாதீங்க."

மற்றவர்கள் உயிரோடு திரும்பினார்கள். தலைவருக்குப் பதக்கங்கள் குவிந்தன. கதவை மூடும்போதே மெக்கானிக் இறந்துவிட்டார் என்று அறிக்கையில் எழுதினார்கள். அதன் பிறகுதான் தலைவர் அந்தச் சட்டத்தைப் போட்டார். எனக்கு அந்தக் குரலைப் பிடிக்கவே பிடிக்காது.

அந்தக் காலத்திலிருந்தே ஆளில்லாத மாதிரிக் கலத்தின் பின்னறையில் சில நாள் தட்டும் சத்தம் கேட்கும். மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. மெக்கானிக் டூட்டிக்கு வந்தாச்சு என்று சிரிப்போம். சிரித்துவிட்டு, விளக்கை அணைக்காமலே வீட்டுக்குப் போவோம்.

தலைவர் உள்ளே போனார். நான் முன்னறையில் கதவை ஒட்டி நின்றேன். என் இடது காதில் தலைவர். வலது காதில் மேலே இருக்கும் கலம். நேரம் இல்லாததால் அவர் ஒரு வேலையை முடித்ததும் நான் மேலே சொல்ல, மகள் அதையே செய்துகொண்டு வந்தாள். அவர் கதவைச் சாத்தினார், அவளும் சாத்தினாள். அவர் குழாயை அடைத்தார். அவளும் அடைத்தாள். மாற்றுக் குழாயின் திருகு மட்டும் இறுகிக் கிடந்தது. கையால் முடியாது, இடுப்புப் பட்டையைச் சுற்றி இழு என்று அவர் வழி கண்டுபிடித்துச் சொன்னார். மேலேயும் திருகு திரும்பியது. கேப்டன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மனுஷன் கெட்டிக்காரர்தான், மறுக்க முடியாது.

"அவ்வளவுதான். கதவைத் திறக்கச் சொல்லு," என்றார் தலைவர்.

கதவு திறக்கவில்லை.

நான் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். பனிக்கட்டியைத் தொட்டதுபோல் சுரீரென்றது. பின்னறையில் காற்று நிரம்பிவிட்டதாக முள் காட்டுகிறது, சுண்டு விரலால் தள்ளினாலே திறக்க வேண்டும் என்று பம்ப் அண்ணன் ஓடி வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். ம்ஹூம்.

எங்கிருந்தோ ஒயர் கருகும் வாடை வந்தது.

வலது காதில் கேப்டன் பேசினார். "இங்கயும் கதவு திறக்கல. டாக்டரோட லைன் கட்டாயிடுச்சு. உள்ளேருந்து தட்டுறாங்க."

எனக்கு முன்னாலிருந்த கதவிலும் அதே சத்தம்.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

"தட்டாதீங்க சார், திறந்துக்கிட்டுதான் இருக்கோம்," என்றேன்.

"நான் தட்டலம்மா."

அப்போது இரண்டு காதிலும் ஒரே சமயத்தில் ஒரு ஆண்குரல் வந்தது. கேப்டனும் இல்லை, தலைவரும் இல்லை. சாவகாசமான, பதறாத குரல்.

"அது உலோகம். குளிர்ல சுருங்குது. கதவைத் தொடாதீங்க."

தலைவர் மிக மெல்லப் பேசினார். "தம்பி. அவ என்ன பாவம் பண்ணினா? அவளை விட்டுடுப்பா."

"உலோகம்தான்," என்றது குரல்.

பின்னறை இன்னும் நிரம்பவில்லை, டாக்டரின் குப்பியில் காற்று தீரப்போகிறது என்று கேப்டன் கத்தினார். தட்டும் சத்தம் தளர்ந்துகொண்டே வந்தது. மேலே தட்டுவது யார், கீழே தட்டுவது யார் என்று பிரித்தறிய முடியவில்லை.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். லைனை எல்லாருக்கும் திறந்துவிடச் சொன்னார். திறந்தேன். கட்டுப்பாட்டு அறை முழுவதும் கேட்டது, மேலே கலத்திலும் கேட்டது.

"அவன் உயிரோடதான் இருந்தான். புகை அடங்கிடுச்சு, கதவைத் திறந்திருக்கலாம். தட்டுறது அவன்தான்னு எனக்குத் தெரியும். மூடுன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். சொன்னதை மாத்திச் சொல்ல எனக்கு மனசு வரல. அவ்வளவுதான். வேற காரணம் இல்ல."

வலது காதில் இரும்பு கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள். திறந்துவிட்டது, டாக்டர் வெளியே வந்துவிட்டார், மூச்சு இருக்கிறது என்று கேப்டன் திரும்பத் திரும்பச் சொன்னார். அதை அப்படியே தலைவரிடம் சொன்னேன். அவர் அழுதார் என்று நினைக்கிறேன்.

"சரி," என்றார். "இப்ப எனக்குத் திறங்க."

நாங்கள் இழுத்தோம்.

கதவு அசையவில்லை.

உள்ளே மோதிரம் இரும்பில் மோத ஆரம்பித்தது. முதலில் நிதானமாக, பிறகு கண்மண் தெரியாத அவசரத்தில். கேஸ் வைத்துக் கதவை அறுத்துத் திறந்தபோது சத்தம் அடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. மூச்சு முட்டிச் செத்திருக்கிறார் என்றார்கள். அறை நிறையக் காற்று இருந்தது. அவர் குப்பியிலும் பாதிக்கு மேல் இருந்தது. மெக்கானிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார், நியாயம்தான் என்று அந்தக் கணம் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

டாக்டர் பூமிக்குத் திரும்பியதும் கொட்டகைக்கு வந்தார். மெலிந்திருந்தார். அப்பாவின் மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். அறுத்த கதவுக்குப் பதிலாகப் புதுக்கதவு பொருத்தி, சாத்தியிருந்தோம். உள்ளே யாரும் இல்லை.

டக். டக். டக். டக். மோதிரத்தின் சத்தம். மூன்றோடு நிற்காமல் பதறிப் பதறித் தட்டும் சத்தம்.

டாக்டர் தன் கழுத்திலிருந்த மோதிரத்தைக் குனிந்து பார்த்தார். அழுதுகொண்டே கைப்பிடியைப் பிடித்தார்.

என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனிலிருந்து அந்தச் சாவகாசமான குரல் இருவருக்கும் கேட்டது. "உலோகம். குளிர்ல சுருங்குது. கதவைத் தொடாதீங்க."

டாக்டர் அப்படியே நின்றார். பிறகு, ஒவ்வொரு விரலாக, கைப்பிடியை விட்டார்.

உள்ளே தட்டிக்கொண்டே இருந்தார்கள்.